நீலம் வந்துச்சா

இருங்க பாய், சாக்கடை மூடியில கை வைக்காதீங்க. கம்பிய அந்தச் செவத்தோரமா வச்சுட்டு இந்தப் படியில உக்காருங்க. தொறக்கதுக்கு முன்னால நான் சொல்லுதத முழுசாக் கேட்டுரணும். கேக்காமத் தொறந்தீங்கன்னா உள்ள என்ன கெடக்குன்னுதான் உங்களுக்குத் தெரியும். யாரு போட்டான்னு தெரியாதுல்லா.

ஊரு மேலப்பாளையம்னுதான போன்ல சொன்னீங்க? நல்லது. ஆலங்குளத்துல சொந்தபந்தம் யாரும் உண்டா? பொண்ணு குடுத்தது, எடுத்தது? இல்லையா. கூடப் படிச்சவன், கூட வேல பாத்தவன்? அதுவும் இல்ல. சரி. பேச்சிமுத்துன்னு ஒரு பிளம்பரு, சிவப்பு வண்டியில வருவான், இந்தப் பக்கமெல்லாம் அவன்தான் பாப்பான், அவனத் தெரியுமா? பாத்திருக்கீங்க, பேசுனதில்ல. பேசுனதில்லைன்னா சரிதான். முகத்தச் சுளிக்காதீங்க பாய், இதெல்லாம் கேட்டுத்தான் ஆகணும். நீங்களும் ஆலங்குளமா இருந்துட்டா நான் உங்களக் கூப்பிட்டதுல அர்த்தமே இல்ல.

இந்தச் சாக்கடை அடைப்புல என் குடும்பம் மாட்டிக்கிட்டு நிக்கு. என் வீட்டுக்காரி சண்முகவடிவு வீட்ட விட்டுப் போயி இன்னைக்கி இருவத்திமூணு நாளாச்சு. தெருவுல கேக்கவங்ககிட்ட, கோவில்பட்டியில தம்பி வீட்டுக்குப் போயிருக்கான்னு சொல்லி வச்சிருக்கேன். உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு, நீங்க இந்தத் தெருவுக்காரர் இல்ல. அவ தம்பி வீட்டுல இல்ல. பெருமாள்புரத்துல இருக்கா. இந்த மாடியில குடியிருந்து நான் காலி பண்ணச் சொன்ன பொண்ணு வீட்டுலயே போயி இருக்கா. அவ திரும்பி வரதும் வராததும் இந்த மூடிக்குக் கீழதான் கெடக்கு. நீங்க தொறந்து பாத்து, அடைப்பு மாடியில இருந்து வந்ததுதான்னு ஒரு வார்த்த சொல்லணும். நான் சொல்லச் சொல்லுதேன்னு நெனைக்காதீங்க. உள்ளத சொல்லுங்க. உள்ளது அதுதான்.

என்னையப் பத்தி உங்களுக்குத் தெரியாது. நான் ஜவுளிக்கடையில முப்பத்தோரு வருசம் மேற்பார்வை. ரெண்டாவது மாடி, பட்டுச் சேலைப் பக்கம். மேற்பார்வைன்னா துணி விக்க வேண்டாம், பேச வேண்டாம், நின்னுகிட்டே இருக்கணும், அவ்வளவுதான். ஒரு பொம்பள பத்துச் சேலைய விரிக்கச் சொல்லுதான்னு வைங்க, அவ கண்ணு சேலையில இருந்தா வாங்க வந்தவ. விரிக்கவன் மேல இருந்தா களவாட வந்தவ. முப்பத்தோரு வருசத்துல எத்தனை பேரப் பிடிச்சுக் குடுத்திருக்கேன் தெரியுமா? ஆவுடையப்பன் நிக்கான்னா அந்த மாடிக்குக் களவாணி ஏற மாட்டான். அப்படிப்பட்டவன் கண்ண, ஒரு இருவத்தஞ்சு வயசுப் பொண்ணும் ஒரு பிளம்பரும் சேந்து கட்டிரலாம்னு பாத்தா நடக்குமா?

மாரிச்செல்வின்னு பேரு. ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்துப் பரிசோதனை பண்ணுத வேல. புருசனுக்குத் தூத்துக்குடியில துறைமுகத்துல வேல, சனிக்கெழமை வந்துட்டு திங்கக்கெழமை போவான். போன வருசம் ஆனி மாசம் குடிவந்தா. வந்த அன்னைக்கே என்னைய மாமாங்கா, வீட்டுக்காரிய அத்தைங்கா. நான் அப்பமே நெனச்சேன், என்ன இவ்வளவு சீக்கிரம் ஒட்டுதாளேன்னு.

எங்க வீட்டுக்காரிக்குச் சக்கரை உண்டு. காலையில ஒரு ஊசி போடணும். முன்னால எல்லாம் தெருமுனையில ஒரு கம்பவுண்டர் இருந்தாரு, அவரு செத்துட்டாரு. நான் போடலாம்தான், ஆனா ஊசியக் கண்டா எனக்குக் கை நடுங்கிரும். இந்தப் பொண்ணு, நான் போடுதேன் அத்தைன்னா. தெனமும் காலையில ஆறரைக்கு எறங்கி வந்து போட்டுட்டுப் போவா. போட்டதே தெரியலன்னு இவ சொல்லுவா. நல்ல பொண்ணுதான், நான் இல்லைங்கல. நல்லவங்களத்தான் நல்லாப் பாக்கணும், பாத்துக்கிடுங்க.

அவ வந்து ரெண்டு மாசத்துல தண்ணி தேங்க ஆரம்பிச்சுது. எங்க குளியலறையில கணுக்கால் அளவுக்கு நிக்கும். அரைமணி நேரம் கழிச்சு முனங்கிக்கிட்டே எறங்கும். முப்பத்தாறு வருசமா இந்த வீட்டுல இருக்கோம், ஒரு நாளு தேங்குனது கெடையாது. அவ வந்தா, தேங்குது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

சும்மா சொல்லிரலை பாய். நான் கவனிச்சேன். எல்லா நாளும் தேங்கலை. புதனும் சனியும்தான் தேங்குது. மத்த நாளு அப்படி ஒண்ணும் இல்ல. ஏன் புதனும் சனியும்? யோசிச்சேன். புதன்கெழமை அவளுக்கு வேல கெடையாது, வீட்டுல இருப்பா. அன்னைக்கி ஆற அமர தலைக்குக் குளிப்பா. சனிக்கெழமை புருசன் வந்துருவான். பொருந்துதா இல்லையா? இத நான் வீட்டுக்காரிகிட்டச் சொன்னப்ப, ஏங்க, நீங்களும் புதனும் சனியும்தான எண்ணெ தேச்சுக் குளிக்கீங்கன்னு சிரிச்சா. நான் எண்ணெ தேச்சுக் குளிக்கது எங்கப்பா காலத்துல இருந்து வாரது. அன்னைக்கெல்லாம் தேங்காத தண்ணி இப்பத் தேங்குமா?

மாடிப்படிக்குக் கீழ நின்னு வாளிச் சத்தத்த எண்ணுவேன். அவ குப்பைய வண்டியில போடுததுக்கு முன்னால கூடையையும் பாப்பேன். தப்பா எடுத்துக்கிடாதீங்க, என் வீட்டுக் குப்பைல்லா. மீந்த சோறு இருக்கான்னு பாப்பேன். இருக்காது. கூடையில இல்லைன்னா எங்க போச்சு? பைப்புக்குள்ளதான போயிருக்கணும்? ஒரு நாளு நான் கூடையக் கெளறிக்கிட்டு இருக்கும்போது அவ மேல இருந்து பாத்துட்டா. மறுநாளுல இருந்து குப்பைய ரெண்டு கூடையாப் பிரிச்சு, பாக்கதுக்குத் தோதா, மூடாம வச்சா. நெஞ்சழுத்தத்தப் பாத்தீங்களா?

பேச்சிமுத்துவக் கூப்பிட்டேன். ஒன்பது வருசமா எங்க வீட்டுக்கு வாரவன். டேங்கு மாத்துனது, மோட்டாருக்கு லைன் இழுத்தது, எல்லாம் அவன்தான். தொறந்து பாத்தான். இந்த மூடிக்குக் கீழ தொட்டி இருக்குல்லா, சேம்பரு, அதுல பைப்பு ரெண்டு வருது. வலது கையிப் பக்கம் வாரது மாடிக் குளியலறைப் பைப்பு. இடது கையி எங்களுது. ரெண்டும் இங்க விழுந்து ஒண்ணாத் தெருவுக்குப் போகுது. அவன் கம்பிய எடுத்து எடுத்த எடுப்புல எங்க பைப்புக்குள்ள விட்டான். மாடிப் பைப்ப ஏறெடுத்தே பாக்கலை. கண்ணு எங்க இருக்குன்னு பாத்தேன். என் மேல இருந்துச்சு. அப்பவே எனக்குப் பிடிபட்டுப் போச்சு.

ஒரு கூடை வெளிய இழுத்துப் போட்டான். கறுப்பா, களி மாதிரி. அண்ணாச்சி, இது நீங்க தேய்க்கிற எண்ணெயும் சீயக்காயும் சேந்து கட்டிப் போனதுங்கான். எனக்குச் சிரிப்பு வந்துட்டு. சீயக்காய் அழுக்க எடுக்குத சாமான். நான் சொந்தமா வெயில்ல காயப்போட்டு, பச்சப்பயறு, வெந்தயம், வாசத்துக்குப் பூலாங்கெழங்கு எல்லாம் சேத்து மில்லுல நின்னு அரைச்சுட்டு வாரது. அதுவும் நைசா அரைக்க விடமாட்டேன். கரகரன்னு இருக்கணும், அப்பத்தான் எண்ணெ விடும். எனக்கு அறுவத்தெட்டு வயசாகுது, தலைவலின்னு ஒரு நாளு படுத்தது கெடையாது. அந்தச் சீயக்காயப் போயி அடைக்குதுங்கான். ஷாம்புன்னு பாக்கெட்டுல வார தண்ணிச் சோப்பத் தேய்க்கவங்கள ஒண்ணும் சொல்ல மாட்டேங்கான்.

போகும்போது குளியலறை ஓட்டையில ஒரு சல்லடைத் தட்டு மாட்டிட்டுப் போனான். இத மட்டும் எடுத்துராதீங்க அண்ணாச்சின்னான். எடுக்காம என்ன செய்ய? நான் குளிக்கதுக்குள்ள அதுல சக்கை படிஞ்சு தண்ணி காலச் சுத்தி நிக்கு. எடுத்து எறிஞ்சேன். அவன் மாட்டுனதே தண்ணி நிக்கணும்னுதான். நின்னாத்தான அவனத் திரும்பக் கூப்பிடுவேன்?

மூணாவது தடவ வந்தப்பதான் தற்செயலாக் கேட்டேன், உனக்கு எந்த ஊருப்பான்னு. ஆலங்குளம்ங்கான். ஒன்பது வருசமா வாரான், நான் கேட்டதே இல்ல. மாரிச்செல்வி எந்த ஊரு? ஆலங்குளம். எனக்கு அப்படியே எல்லாம் வெளிச்சமாத் தெரிஞ்சு போச்சு. அவளும் எறங்கி வந்து, அண்ணே எந்தத் தெருன்னு கேக்கா. அவன் சொல்லுதான். என் முன்னாலயே நடிக்காங்க, அன்னைக்கித்தான் புதுசாத் தெரிஞ்ச மாதிரி.

நான் நேராக் கேட்டுட்டேன். நீங்க ரெண்டு பேரும் ஒரே ஊரு, அதான் பழிய எம்மேல போடுதீங்கன்னேன். பேச்சிமுத்துவுக்கு முகம் தொங்கிப் போச்சு. அண்ணாச்சி, ஒங்க கண்ணால நீங்களே பாத்துருங்கன்னான். துணிக்குப் போடுத நீலம் இருக்குல்லா, அதுல ஒரு பொட்டலத்த ஒரு வாளித் தண்ணியில கரைச்சான். இத மாடிக் குளியலறையில ஊத்துதேன். கீழ சேம்பர்ல நீலம் உடனே வந்துட்டா மாடி லைன் சுத்தம். பெறகு உங்க குளியலறையில ஊத்துதேன், வருதா பாருங்கன்னான்.

கேக்கதுக்கு நியாயமாத்தான் இருக்கு. ஆனா யோசிச்சுப் பாருங்க பாய். நான் ஒருத்தன். மாடியில நின்னு ஊத்துதாங்களான்னு பாக்கணும். கீழ நின்னு வருதான்னும் பாக்கணும். நான் மேல நின்னா கீழ என்ன பண்ணுவாங்க? கீழ நின்னா மேல என்ன பண்ணுவாங்க? கடையில அதுக்குத்தான் மாடிக்கு ஒரு ஆளு போட்டிருந்தாங்க. கடைசியில, நான் மேல போறேன், நீ இங்கன நின்னு பாருன்னு வீட்டுக்காரிய நிறுத்துனேன். அவளுக்கு ஒரு வருசமா முட்டுவலி, குனிய முடியாது. கம்பு ஊணிக்கிட்டு இந்தச் சேம்பர் பக்கத்துல நின்னா.

மேல ஊத்துனாங்க. நான் பாத்தேன். மாடியில இருந்து எட்டிப் பாத்து, ஏளா, நீலம் வந்துச்சான்னு கேட்டேன். வந்துச்சுங்கா. உடனே வந்துச்சாங்கேன். ஊத்தி முடிக்குமுன்னால வந்துட்டுங்கா. மாடியில வேற தண்ணி ஊத்திரக் கூடாதுன்னு நான் அங்கயே நின்னேன், அவன் கீழ எறங்கி எங்க குளியலறையில ஊத்துனான். இப்ப வந்துச்சாங்கேன். வரலைங்கா. நல்லாப் பாருங்கேன். குளியலறையிலயே நிக்குங்க, இங்க ஒரு பொட்டுக்கூட வரலைங்கா.

நான் எறங்கி வந்தேன். எங்க குளியலறையில நீலம் நிக்கத்தான் செஞ்சுது, ஆனா மாடியில ஊத்துன நீலம் நான் வாரதுக்குள்ள தெருவுக்குப் போயிட்டு. சேம்பர்ல ஒண்ணும் இல்ல. நான் பாக்கதுக்கு ஒண்ணும் இல்ல பாய். அவ சொன்னதுதான் இருக்கு. அவளுக்கு யாரு ஊசி போடுதா? அந்தப் பொண்ணு. நான் என்ன நெனைப்பேன்?

சொல்லிட்டேன். ரெண்டு பேரு முன்னாலயும் சொல்லிட்டேன். ஊசிக்காகப் பொய் சொல்லுதியாளான்னு கேட்டுட்டேன்.

பேச்சிமுத்து கம்பியச் சுருட்டுனான். அடைப்ப மட்டும் சுத்தமா எடுத்துவிட்டான், அதுல கொற சொல்ல மாட்டேன். அதுக்குப் பெறகு, அண்ணாச்சி, இனி என்னையக் கூப்பிடாதீங்கன்னுட்டுப் போயிட்டான். மாரிச்செல்வி அழுதுகிட்டே மாடி ஏறுனா. அன்னைக்கே, மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிருன்னு ஆள் விட்டுச் சொன்னேன். பத்து நாளுலயே போயிட்டா. போற அன்னைக்கிக் காலையிலயும் எறங்கி வந்து ஊசி போட்டுட்டுத்தான் போனா.

வீட்டுக்காரி ஒரு வார்த்த சண்ட போடலை. சண்ட போட்டிருந்தா நான் சமாளிச்சிருப்பேன். மறுநாளு காலையில ஊசிய எடுத்து எங்கையில குடுத்தா. போடுங்கன்னா. போட்டேன். ஊசி வளைஞ்சு போச்சு. ரத்தம் வந்துச்சு. அவ பல்லக் கடிச்சுக்கிட்டு சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா. அடுத்த நாளும் அப்படித்தான். ரெண்டு நாளு பாத்தா. மூணாவது நாளு துணிய எடுத்துப் பையில வச்சா.

வாசல்ல ஆட்டோ நிக்கு. அப்பத்தான் சொன்னா. முப்பத்தேழு வருசம் உங்ககூட இருந்துட்டேன், என்னையப் பாத்துப் பொய்யின்னுட்டீங்க. எங்கிட்ட நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். அந்தப் புள்ளைகிட்ட வந்து, தப்பு என்னுதுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. அன்னைக்கே உங்ககூட வாரேன். இவ்வளவுதான் சொன்னா. ஆட்டோ போயிட்டு.

தப்பு என்னுதா இருந்தா சொல்ல மாட்டேனா பாய்? இல்லாததச் சொல்லச் சொல்லுதா. அதுக்குத்தான் உங்களக் கூப்பிட்டேன். ஆலங்குளத்துக்கும் உங்களுக்கும் சம்பந்தம் இல்ல. அவளுக்கும் உங்களுக்கும் சம்பந்தம் இல்ல. நீங்க சொன்னா அவ கேப்பா. நான் சோத்தப் பொங்கித் திங்கேன், துணியத் தொவைக்கேன், அதெல்லாம் முடியுது. சாயங்காலம் ஆனா இந்த வீட்டுல இருக்க முடியலை. அவ உக்காருத எடத்தப் பாக்காம இருக்கணும்னு தெருவுல போயி நின்னுக்கிடுதேன். அதையும் சொல்லிருதேன். இனி தொறங்க.

மெதுவா. ஆமா, இன்னைக்கும் தேங்கித்தான் நிக்கு. இன்னைக்கி சனிக்கெழமைல்லா. காலையில எண்ணெ தேச்சுக் குளிச்சேன், இன்னும் எறங்கலை.

மாடிப் பைப்புதான் அது. காஞ்சு கெடக்கா? ஆமா, ஆளு இல்லைல்லா. உள்ள கம்பி தடையில்லாமப் போகுதா? முழுசும் போகுதா? சரி, இருக்கட்டும். இப்ப எங்களுதுல விடுங்க. தட்டுதா? இழுங்க. இன்னும் இழுங்க.

இவ்வளவா?

அவங்க போகுமுன்ன போட்டுட்டுப் போயிருப்பாங்க பாய். அதத்தான் சொல்ல வந்தேன். பேச்சிமுத்து சுத்தமா எடுத்தது எனக்கும் தெரியும், நான்தான் சொன்னேன். அதுக்குப் பெறகு... மாடியில இருந்து எங்க பைப்புக்குள்ள எப்படி வரும்னு கேக்கீங்க. சரி. வராதுதான். அப்ப யாராச்சும் வீட்டுக்குள்ள வந்து... வீட்டுல யாரு இருக்கா? நான்தான் இருக்கேன்.

மோந்து பாக்கவா? குடுங்க.

பூலாங்கெழங்கு வாசம்தான்.

என்ன கேட்டீங்க? குளிச்சு முடிச்ச பெறகு தரையில கெடக்குத சக்கைய யாரு அள்ளுவான்னா? எந்தச் சக்கை? நான் குளிச்சுட்டுத் துண்டக் கட்டிக்கிட்டு வெளிய வந்துருவேன். அதுக்குப் பெறகு அவ உள்ள போவா. வெளக்குமாறு சத்தம் கேக்கும். எதையோ குனிஞ்சு கூட்டி, கையால அள்ளி மொறத்துல போட்டு, வாழைக்கு அடியில கொண்டு கொட்டுவா. சாமி கும்பிட்டுட்டு வரும்போது பாத்திருக்கேன். என்னத்த அள்ளுதான்னு கேட்டதில்ல. புதனும் சனியும். ஆமா. முப்பத்தேழு வருசமும்.

போன வருசம் முட்டு வலிக்குன்னா. குனிய முடியலைன்னா. டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன், பாய். தைலம் வாங்கிக் குடுத்தேன். குளியலறையக் கூட்ட முடியலைன்னு அவ சொல்லவே இல்ல. சொல்லியிருந்தா நான் அள்ளியிருப்பேன். அள்ளியிருப்பேனா... என்ன சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியலை. சக்கையாவது ஒண்ணாவது, எங்கப்பா காலத்துல எவன் அள்ளுனான்னு கேட்டிருப்பேன். அவகிட்ட பொய் சொல்லுதியான்னு கேட்டேனே. அந்தக் கம்ப ஊணிக்கிட்டு நின்னவளப் பாத்துக் கேட்டேனே.

வண்டியிலதான வந்தீங்க? என்னைய பெருமாள்புரத்துக்குக் கொண்டு விடுவீங்களா? இல்ல, விட்டுட்டுப் போயிராதீங்க, நீங்களும் உள்ள வரணும். அந்தப் பொண்ணுகிட்ட நான் சொல்லிருவேன். தப்பு என்னுதுன்னு சொல்லிருவேன். பேச்சிமுத்துவையும் பாத்துச் சொல்லணும், அது நாளைக்கி. இன்னைக்கி இவ வரணும். ஆனா நான் சொல்லுதத அவங்க ரெண்டு பேரும் நம்பணும்லா? இந்த மனுசன் சோறு பொங்க ஆளில்லைன்னு வந்து நடிக்கான்னு நெனச்சுட்டாங்கன்னா? நான் அவ எடத்துல இருந்தா அப்படித்தான் நெனைப்பேன்.

இருங்க பாய், எங்க போறீங்க? கொழாயத் தொறக்காதீங்க. கையக் கழுவிராதீங்க. அந்தக் கையோடயே வாங்க. இத அவ மோந்து பாக்கட்டும். என்னைய அவ நம்பணும்லா, பாய். என்னைய அவ நம்பணும்லா.